தோற்றது யாராலே?



சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை மாலை, காரைதீவிலிருந்து அம்பாறை நோக்கிப் போகும் வழியில் வீரமுனையில் சற்று நேரம் தரித்து நிற்க நேர்ந்தது. மைதானத்தில் உதைபந்தாட்டம் ஒன்று முடியும் தறுவாயில் இருந்தது. இரு அணிகளும் ஆளுக்கொரு கோல் போட்டுச் சமநிலையில் நின்றன. இன்னும் இரண்டொரு நிமிடமே இருக்கையில் எதிரணிக்கு மூலை உதை ஒன்று கிடைத்தது. பந்து உயர்ந்து வந்தது. பதினேழு வயது மதிக்கத்தக்க பந்துக்காப்பாளன் அதைப் பிடிக்க முன்னே பாய்ந்தான். கை எட்டவில்லை. எதிரணி வீரன் ஒருவனின் தலையில் பட்ட பந்து, ஆளில்லாத கோலுக்குள் போய் விழுந்தது. சிறிது நேரத்தில் மத்தியஸ்தர் ஊதினார். ஆட்டம் முடிந்தது, விசாரணை தொடங்கியது.

“அவன் வெளியில வராம நிண்டிருந்தா நாம தோத்திருக்க மாட்டம்” என்றான் ஒருவன். “அவனைப் போட வேணாம் எண்டு நான் முதலே சொன்னன்” என்றான் மற்றொருவன். இன்னொருவன் மத்தியஸ்தர் பக்கம் திரும்பினான். முதற்பாதியில் எதிரணியின் கையில் பந்து பட்டதாம். அவர் தண்ட உதை கொடுக்கவில்லையாம். அவர் பக்கத்து ஊரவர். “அந்த ஊர் ஆக்கள் எல்லாம் இப்படித்தான்” என்ற சொல் அங்கே எழுந்தது. கூட நின்ற சிலர் தலையசைத்தனர்.

பந்துக்காப்பாளன் கோல் கம்பத்தின் அடியில், முழங்காலில் முகத்தைப் புதைத்தபடி தனியே இருந்தான். அவனருகில் எவரும் போகவில்லை.

வேலியோரத்தில் நின்ற வயது முதிர்ந்த வேளாண்மைக்காரர் ஒருவர் பொறுமையிழந்து பேசினார். “தம்பிமாரே, கடைசி வயல் காஞ்சு கிடந்தா, அந்த வயல்காரனைப் போய் அடிக்கிறதா? வாய்க்கால் தலைப்பில இருந்தெல்லோ பார்த்துக்கொண்டு வரவேணும்!”

இளைஞர்கள் சிரித்துவிட்டுக் கலைந்தனர். அந்தப் பெரியவரின் சொல் மட்டும் என்னோடு வந்தது. இவ்வாரப் பாடம் அதிலிருந்து பிறந்ததுதான்.

கடைசியாகத் தொட்டவன்

இப்பகுதி வயல்களுக்குக் கல்லோயாத் திட்டத்து நீர் வாய்க்கால் வழியே வருவதை நாம் அறிவோம். தலைப்பில் மடையை நேரத்துக்குத் திறக்காமல் விட்டாலும், இடையில் ஒருவர் கட்டை வெட்டித் தமக்குத் திருப்பிக்கொண்டாலும், வாய்க்காலில் புல் மண்டிக் கிடந்தாலும், அந்தக் குறை எங்கே தெரிகிறது? வட்டையின் கடைசி வயலில் தெரிகிறது. காய்ந்த பயிர் அங்கே நிற்பதால் குற்றமும் அங்கேதான் நடந்தது என்று சொல்ல முடியுமா?

உதைபந்தாட்டத்தில் பந்துக்காப்பாளன் அந்தக் கடைசி வயல்தான். ஓர் அணியில் பதினொரு பேர். முன்களவீரன் வெற்றுக் கோலுக்கு வெளியே பந்தை உதைத்தால் “அடடா” என்ற ஓசையோடு அது மறக்கப்படும். நடுவில் நிற்பவன் பந்தை எதிரியிடம் இழந்தால் யார் இழந்தான் என்பதே பலருக்குத் தெரியாது. பின்களவீரன் தன் ஆளை விட்டுவிட்டால் நாலைந்து பேருக்கு மட்டும் தெரியும். பந்துக்காப்பாளனின் தவறோ அறிவிப்புப் பலகையில் இலக்கமாக ஏறிவிடும். மற்ற பத்துப் பேருடைய குறைகளும் அவனுடைய கை வரை வந்து, அங்கே அவன் பெயரைப் பெறுகின்றன.

நமது கண் கடைசியாக நடந்ததையே பிடித்துக்கொள்ளும். மனமோ கண் பிடித்ததையே காரணம் என்று எண்ணிக்கொள்ளும். இறுதி நிமிடத்தில் விழுந்த கோலும் ஐந்தாம் நிமிடத்தில் விழுந்த கோலும் கணக்கில் ஒன்றே. எனினும் இறுதி நிமிடத்துக் கோலுக்கே குற்றவாளியைத் தேடுகிறோம். ஐந்தாம் நிமிடத்தில் தவறியவனுக்கு அதைத் திருத்திக்கொள்ள எண்பத்தைந்து நிமிடம் கிடைத்தது. கடைசியில் தவறியவனுக்கு அது கிடைக்கவில்லை. அவன் மேல் பழி கூடுதலாக விழுவதற்கு வேறு நியாயம் இல்லை.

மரக்கானாவில் நடந்தது

உலக உதைபந்தாட்ட வரலாற்றில் இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் ஒன்றுண்டு. 1950 ஆம் ஆண்டு யூலை 16 ஆந் திகதி, பிறேசில் நாட்டு ரியோ டி ஜெனீரோ நகரின் மரக்கானா அரங்கில், உலகக் கிண்ணத்தின் முடிவைத் தீர்மானிக்கும் ஆட்டம் நடைபெற்றது. பிறேசிலும் உருகுவேயும் மோதின. பிறேசிலுக்கு வெற்றி கூட வேண்டியதில்லை, சமநிலையே போதும். முன்னைய இரு ஆட்டங்களில் சுவீடனை 7–1 என்றும், ஸ்பெயினை 6–1 என்றும் அது வென்றிருந்தது. ஏறக்குறைய இரண்டு இலட்சம் மக்கள் அரங்கில் நிறைந்திருந்தனர். ஆட்டம் தொடங்குமுன்பே நகரத்தின் தலைவர் ஒலிபெருக்கியில் வீரர்களை வெற்றியாளர் என்றே விளித்து வாழ்த்தினார்.

இரண்டாம் பாதி தொடங்கியதும் பிறேசில் முதலில் கோல் போட்டது. 66 ஆம் நிமிடத்தில் உருகுவேயின் கிஜியா வலப்புறமாக ஓடி வந்து பந்தைக் குறுக்கே உதைக்க, ஸ்கியாபினோ அதைக் கோலாக்கினார். 79 ஆம் நிமிடத்தில் கிஜியா மீண்டும் அதே வழியால் வந்தார். இம்முறையும் குறுக்கே உதைப்பார் என்று எண்ணிய பந்துக்காப்பாளர் மோசிர் பார்போசா, சிறிது முன்நகர்ந்தார். கிஜியா நேரே கோலை நோக்கி உதைத்தார். பார்போசாவுக்கும் அருகிலிருந்த கம்பத்துக்கும் இடையே பந்து நுழைந்தது. உருகுவே 2–1 என வென்றது.

பார்போசா செய்தது என்ன? பதின்மூன்று நிமிடத்துக்கு முன் கண்டதை வைத்து, அடுத்து நடக்கப்போவதைக் கணித்தார். விவேகமுள்ள எவரும் செய்யக்கூடிய கணிப்பு அது. அன்று அது பிழைத்துவிட்டது. அந்த ஓர் அடிக்காக அவர் சாகும்வரை குற்றவாளியாக வாழ்ந்தார். கடைவீதியில் ஒரு பெண் தன் மகனுக்கு அவரைக் காட்டி, நாடு முழுவதையும் அழவைத்த மனிதர் இவர்தான் என்றாளாம். 1993 ஆம் ஆண்டு தேசிய அணியின் பயிற்சிக்கூடத்துக்குப் போனபோது, துரதிர்ஷ்டம் பிடித்துவிடும் என்று அவரை உள்ளே விடவில்லை. தமது நாட்டின் சட்டப்படி மிகக் கூடிய தண்டனை முப்பது ஆண்டுகளே என்றும், தாமோ ஐம்பது ஆண்டுகளாகத் தண்டனை அனுபவிப்பதாகவும் அவர் சொல்லி வருந்தியதுண்டு. 2000 ஆம் ஆண்டு ஏப்ரல் 7 ஆந் திகதி, 79 ஆவது வயதில் காலமானார்.

அன்று பழி அதிகம் விழுந்தது மூவர் மீது: பார்போசா, பிகோடே, ஜூவெனால். மூவரும் கறுப்பினத்தவர். பழிக்கு ஆள் தேடும்போது ஆட்டத்தில் யார் பிழைத்தான் என்பதை மட்டும் மனிதர் பார்ப்பதில்லை. யார் மீது சுமத்தினால் நமக்கு இலேசு, யாருக்காகப் பேச ஆளில்லை என்பதையும் தம்மை அறியாமலே பார்த்துக்கொள்கிறார்கள்.

அந்நாட்டார் ஆடைக்கும் பழி சொன்னார்கள் என்றால் நம்புவீர்களா? அன்று பிறேசில் வீரர் அணிந்தது வெள்ளைச் சட்டை. பின்னர் போட்டி ஒன்று வைத்துப் புதிய நிறங்களைத் தெரிந்தெடுத்தார்கள். உலகம் இன்று அறிந்த மஞ்சட் சட்டை அப்படி வந்ததே. சட்டையை மாற்றுவதில் தீங்கில்லை. சட்டைக்கு மனம் நோவதில்லை. பார்போசாவுக்கு மனம் இருந்தது.

நிற்க. அந்தத் தோல்விக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது மிக வெளிப்படையானது. ஆதலால் எவரும் சொல்வதில்லை. உருகுவே நன்றாக ஆடியது. முதற் கோலை வாங்கியபின் அணித்தலைவர் ஒப்டூலியோ வரேலா பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, மத்தியஸ்தரோடு வாதிட்டு நேரத்தைக் கடத்தி, அரங்கின் ஆரவாரத்தைத் தணியவைத்தார். பின்பு தம் தோழரை ஊக்கி ஆடவைத்தார். தோற்றது யாராலே என்று கேட்போர், வென்றது யார் என்று கேட்க மறந்துவிடுகின்றனர். எதிரியும் உழைத்தான், அவனுக்கும் திறமை உண்டு என்று ஒப்புக்கொள்ள மனமில்லாதபோதுதான் நம்முள்ளே ஒரு துரோகி தேவைப்படுகிறான்.

நம் நாட்டுக் கணக்கு

பிறநாட்டுக் கதை போதும், நம் வீட்டுக்கு வருவோம். திம்பு என்றவுடன் நம்மவருக்கு 1985 ஆம் ஆண்டுப் பேச்சுவார்த்தை நினைவுக்கு வரும். உதைபந்தாட்ட அன்பர்களுக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும்.

2015 ஆம் ஆண்டு மார்ச் மாதம், உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் இலங்கையும் பூட்டானும் சந்தித்தன. பூட்டான் அப்போது உலகத் தரவரிசையில் கடைசி இடமான 209 இல் இருந்தது. அது பீபாவில் சேர்ந்ததே 2000 ஆம் ஆண்டில். உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் ஆடுவதும் அதுவே முதற்றடவை. 12 ஆந் திகதி கொழும்பு சுகததாச அரங்கில், 84 ஆம் நிமிடத்தில் ஷெரிங் டோர்ஜி போட்ட கோலினால் பூட்டான் 1–0 என வென்றது. 17 ஆந் திகதி திம்புவில் ஐந்தாம் நிமிடத்திலேயே செஞ்சோ கோல் போட்டார். இலங்கை ஒரு கோலைத் திருப்பியது. தொண்ணூறாம் நிமிடத்தில் செஞ்சோவே மறுபடியும் போட்டார். ஆட்டம் 2–1, மொத்தம் 3–1. இலங்கை வெளியேறியது.

உலகின் கடைசி அணியிடம் தோற்றோம். யாரால்? 84 ஆம் நிமிடத்தில் ஆளை விட்ட பின்களவீரனாலா? தொண்ணூறாம் நிமிடத்துப் பந்துக்காப்பாளராலா? பயிற்றுநராலா? திம்புவின் உயரத்தாலும் குளிராலுமா?

வாய்க்கால் தலைப்புக்குப் போய்ப் பார்ப்போம். இதே இலங்கை 1995 ஆம் ஆண்டு கொழும்பில் நடந்த தென்னாசியத் தங்கக் கிண்ணப் போட்டியின் இறுதியாட்டத்தில் இந்தியாவை 1–0 என வென்று கிண்ணம் எடுத்த அணி. 1998 ஆம் ஆண்டு ஓகஸ்டில் உலகத் தரவரிசையில் 122 ஆம் இடத்தில் நின்ற அணி. அங்கிருந்து 2015 ஆம் ஆண்டுத் தோல்விக்கு ஒரு பின்களவீரன் ஒரு மாலையில் கொண்டுவந்துவிட முடியாது. அந்த இறக்கத்துக்குப் பல ஆண்டுகள் வேண்டும், பல கைகள் வேண்டும். சிறுவயதிலேயே பந்தைப் பழக்காத பாடசாலைகளும், கிரிக்கெட்டுக்கே எல்லாப் பணமும் கவனமும் போன காலமும், நிருவாகத்துச் சச்சரவுகளும் அதிற் சேர்கின்றன. அச்சச்சரவுகள் 2015 உடன் ஓயவுமில்லை. வெளியார் தலையீட்டைக் காரணங்காட்டி 2023 ஆம் ஆண்டு ஜனவரியில் பீபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியதையும், அந்தத் தடை ஓகஸ்ட் இறுதியிலேயே நீங்கியதையும் நாம் பத்திரிகைகளிற் கண்டோம். அந்த மாதங்களில் நம் வீரர்கள் நாட்டுக்காக ஆட முடியவில்லை. ஆடாமலே தோற்ற அந்தத் தோல்விக்கு எந்தப் பந்துக்காப்பாளனைக் குற்றஞ்சாட்டுவது?

இன்னுமொன்று. நம்மை வென்ற பூட்டான் அதே ஆண்டு செப்டெம்பரில் கட்டாரிடம் 15–0 எனத் தோற்றது. அந்தப் பதினைந்தையும் ஒருவர் பெயரில் எழுதப் புகுந்தால் சிரிப்புத்தான் வரும். பதினைந்து கோல் விழுந்தால் முழு அணியும் தோற்றது என்கிறோம். ஒரு கோல் விழுந்தால் ஒருவன் தோற்கடித்தான் என்கிறோம். தோல்வி சிறிதாகச் சிறிதாகப் பழி கூர்மையாகிறது. இது நியாயமான அளவுகோலா?

பிழை, அசட்டை, வஞ்சகம்

அப்படியானால் எவர் மீதும் குற்றமில்லை, எல்லாம் விதி என்று விட்டுவிடுவதா? அதுவும் தவறே. குற்றத்தை எல்லார் மீதும் பரப்பிவிட்டு ஒருவரும் திருந்தாமல் இருப்பது, ஒருவன் மீது சுமத்துவதைப் போலவே சோம்பலான வேலை. எனவே மூன்றைப் பிரித்தறியப் பழகுவோம்.

முதலாவது பிழை. செய்ய வேண்டியதை அறிந்தவன், செய்ய விரும்பியவன், முயன்றவன். ஆயினும் காலோ கண்ணோ கணிப்போ தவறிவிட்டது. பார்போசாவின் அடி இத்தகையது. வீரமுனைப் பையனின் பாய்ச்சலும் இத்தகையதே. பிழைக்குப் பயிற்சி உண்டு, தண்டனை இல்லை.

இரண்டாவது அசட்டை. செய்ய முடிந்ததைச் செய்யாமல் விட்டது. பயிற்சிக்கு வராத வீரன், ஆட்டத்துக்கு முதல்நாள் இரவெல்லாம் விழித்திருந்தவன், மூலை உதைக்கு யார் எங்கே நிற்பது என்று ஒருநாளும் பழக்காத பயிற்றுநர், பந்து வாங்கக் கொடுத்த காசுக்குக் கணக்கு வைக்காத நிருவாகி ஆகியோர் இந்த வகை. இங்கே பொறுப்பு உண்டு. அதை முகத்துக்கு நேரே, பெயர் சொல்லி, அமைதியாகக் கேட்கலாம்; கேட்கவும் வேண்டும்.

மூன்றாவது வஞ்சகம். தெரிந்தே விற்பது. 1993 ஆம் ஆண்டு பிரான்சில் மார்சேய் கழகத்தார், தம்மோடு ஆடவிருந்த வலென்சியென் கழகத்து வீரர் சிலருக்குக் கையூட்டுக் கொடுத்தனர். அது வெளிவந்தபோது மார்சேயின் நாட்டு வாகைப் பட்டம் பறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்பட்டது. கழகத் தலைவர் பெர்னார் தாப்பி சிறைக்கும் போனார். இங்கே தண்டனை நியாயமே. ஆனால் அது சாட்சியமும் விசாரணையும் நடந்தபின் வந்த தண்டனை; மைதான வேலியோரத்தில் தீர்த்த தீர்ப்பு அன்று.

நாம் செய்யும் அநியாயம் பெரும்பாலும் இந்த மூன்றையும் குழப்புவதில் பிறக்கிறது. பிழையை அசட்டை என்கிறோம், அசட்டையை வஞ்சகம் என்கிறோம். “பிடிக்கத் தவறினான்” என்பது பின்னேரத்துக்குள் “கவனமில்லாமல் நின்றான்” என்றாகி, இரவாகுமுன் “காசு வாங்கிவிட்டான்” என்று முடிகிறது.

மத்தியஸ்தர் விடயத்திலும் இதே நிறைதான். 1986 ஆம் ஆண்டு யூன் 22 ஆந் திகதி மெக்சிக்கோவில், ஆர்ஜென்டீனாவின் மரடோனா கையால் தட்டிப் போட்ட கோலை மத்தியஸ்தர் கோல் என்றே கொடுத்தார். அது பிழை, உலகமே கண்ட பிழை. ஆயினும் சில நிமிடங்களின் பின் அதே மரடோனா, தம் பாதித் திடலிலிருந்து பந்தை எடுத்து இங்கிலாந்து வீரரை ஒருவர்பின் ஒருவராகக் கடந்து போட்ட கோல் எவருடைய பிழை? ஆட்டம் 2–1 என முடிந்தது. மத்தியஸ்தரின் பிழையைச் சொல்லும்போது இரண்டாவது கோலையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

பழி எங்கே போய் நிற்கும்?

விளையாட்டுப் பேச்சுத்தானே, இதற்கு இவ்வளவு பாடமா என்று சிலர் எண்ணலாம். பழி புறப்படும் இடம் நமக்குத் தெரியும். போய் நிற்கும் இடம் தெரியாது.

1994 ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில், யூன் 22 ஆந் திகதி, கொலம்பிய பின்களவீரர் அந்திரேஸ் எஸ்கோபார் ஐக்கிய அமெரிக்க வீரர் உதைத்த பந்தைத் தடுக்கக் காலை நீட்டினார். பந்து திரும்பித் தம் கோலுக்குள்ளேயே புகுந்தது. கொலம்பியா 2–1 எனத் தோற்றது. அதற்கு முன்னரே ருமேனியாவிடம் 3–1 என அவ்வணி தோற்றிருந்தது. அந்த மூன்றைப் பற்றிப் பேசுவார் குறைவு. நாடு திரும்பிய எஸ்கோபார், தோல்வியோடு வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை என்ற கருத்தைத் தம் நாட்டுப் பத்திரிகையில் எழுதினார். யூலை 2 ஆந் திகதி அதிகாலையில் மெடெயின் நகரில், வாகனத் தரிப்பிடமொன்றில் அந்தக் கோலைச் சொல்லி ஏசியவர்களோடு வாக்குவாதம் மூண்டது. அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27.

2021 ஆம் ஆண்டு யூலை 11 ஆந் திகதி, ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் இங்கிலாந்துக்காகத் தண்ட உதை தவறிய மூன்று இளைஞர்களும் கறுப்பினத்தவர்கள். அன்றிரவே கைத்தொலைபேசிகள் வழியாக அவர்கள் மீது இனத்தைச் சொல்லி வசை கொட்டப்பட்டது. அன்று கடைவீதியில் மெல்லச் சொன்னதை, இன்று ஒரு விரலால் ஒரு நொடியில் வீட்டுக்குள் அனுப்பிவிடலாம். நம் பிள்ளைகளின் கையிலும் அந்தக் கருவி இருக்கிறது.

இனி, நான் வீரமுனையிற் கேட்ட அந்தச் சொல்லுக்கு வருகிறேன். “அந்த ஊர் ஆக்கள் எல்லாம் இப்படித்தான்.” ஒரு மத்தியஸ்தர் ஒரு கைப்பந்தைக் காணாமல் விட்டார் என்பது முதற் கூற்று. அவர் இன்ன ஊரவர் என்பது இரண்டாவது. அந்த ஊரார் எல்லாரும் அப்படியே என்பது மூன்றாவது. முதலாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போக நமக்கு ஒரு மூச்சுப் போதும். தமிழ்க் கிராமமும் முஸ்லிம் ஊரும் ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சி, ஒரே சந்தையிற் கொடுத்து வாங்கி, ஒரே வீதியில் நடக்கும் இந்தக் கரையோரத்தில் அந்தப் பாய்ச்சலுக்கு என்ன விலை என்பது நமக்குத் தெரியும்.

1990 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தை இங்கு எவர் மறப்பார்? 3 ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டனர். 11 ஆந் திகதி இரவு ஏறாவூரில் மக்கள் கொல்லப்பட்டனர். 12 ஆந் திகதி வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் கொல்லப்பட்டனர். ஆடுகளத்து வாய்ச்சண்டையையும் அக்கொலைகளையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. ஆயினும் யாரோ செய்ததற்கு, அவர் பெயரோ மொழியோ மதமோ கொண்ட வேறொருவர் பொறுப்பு என்ற கணக்கு, இறந்தவர்கள் எல்லார் பெயரிலும் எழுதப்பட்டது. அந்தக் கணக்கைப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? பெரிய மேடைகளில் மட்டுமல்ல. வேலியோரத்தில், தேநீர்க்கடையில், நம் விறாந்தையில், சிறிய விடயங்களிலேயே படித்துக்கொள்கிறார்கள்.

பழைய இஸ்ராயேலர் ஆண்டுக்கொரு நாள் எல்லாருடைய குற்றங்களையும் ஓர் ஆட்டின் தலையில் சுமத்தி, அதைப் பாலைவனத்துக்குத் துரத்திவிட்டதாக லேவியர் ஆகமம் கூறும். அந்தச் சடங்கில் ஓர் உண்மை இருந்தது. குற்றம் தங்களுடையது என்று அவர்கள் முதலில் அறிக்கையிட்டனர். ஆடு குற்றமற்றது என்பது அவர்களுக்குத் தெரியும். நாமோ ஆட்டைத் துரத்துகிறோம், அறிக்கையிட மறந்துவிடுகிறோம். பூசையின் தொடக்கத்தில் பாவ அறிக்கை செய்யும்போது நாம் தட்டுவது நம்முடைய நெஞ்சையே. பக்கத்தில் நிற்பவர் நெஞ்சை அன்று.

ஒரு வீட்டுக்கு நடந்த கால்கள்

அந்தப் பந்துக்காப்பாளனுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். சில மாதங்களின் பின் அவ்வூர் நண்பர் ஒருவரிடம் விசாரித்தேன். ஆட்டத்தன்று இரவு பையன் உண்ணவில்லை. மறுநாள் தொடக்கம் மைதானப் பக்கம் போகவில்லை. கடைக்குப் போகவும் தம்பியை அனுப்பினான். “மனே, ஒரு பந்துதானே” என்று தாய் சொல்லிச் சொல்லிப் பார்த்தாளாம். அவனுக்கு அது ஒரு பந்தாக இல்லை. இப்படி மூன்று மாதம் போயிற்று.

பின்னர் ஒருநாள் மாலை, அணித்தலைவன் அவன் வீட்டுக்குப் போனான். அவனும் வாலிபன்தான், இருபது வயதுக்காரன். வாசலில் நின்றபடியே சொன்னானாம்: “மூலை உதைக்கு நீ முன்னால வந்தா, உனக்குப் பின்னால கம்பத்தடியில நிக்க வேண்டியவன் நான். அண்டைக்கு நான் நிக்கேல்ல. கோல் போட்டுப் பேர் எடுக்கலாம் எண்டு முன்னுக்கு ஓடத் தயாரா நிண்டன். அதை அங்க சொல்லாம விட்டுட்டன்.”

வேறு பேச்சு இல்லை. அடுத்த கிழமை பையன் பயிற்சிக்கு வந்தான். அவன் வந்தபின், இன்னொருவன் தான் தவறவிட்ட இரண்டு கோல்களைப் பற்றிப் பேசத் தொடங்கினானாம். பயிற்றுநர், மூலை உதைக்கு யார் எங்கே நிற்பது என்று அன்றுதான் முதன்முறையாக நிலத்தில் கோடு கீறிக் காட்டினாராம்.

மூன்று மாதம் ஒருவன் முதுகில் கிடந்த பாரத்தை, ஒருவன் தன் பங்கைத் தானே எடுத்த உடனே, பதினொரு பேரால் தூக்க முடிந்தது. பழியைப் பிறர் பிரித்துக் கொடுத்தால் அது பெருகும். அவரவர் பங்கை அவரவர் எடுத்துக்கொண்டால் அது குறையும். கோடு கீறி ஆளை நிறுத்தவும் அப்போதுதான் வழி பிறக்கும்.

“இது யாராலே?” என்ற கேள்வி மைதானத்தோடு நிற்பதில்லை. பிள்ளை பரீட்சையில் தவறினாலும், கடை நட்டப்பட்டாலும், வேளாண்மை பிழைத்தாலும் வீட்டுக்குள் எழும் முதற் கேள்வி அதுவே. தாய் தந்தையைப் பார்ப்பாள், தந்தை பிள்ளையைப் பார்ப்பார், பிள்ளை ஆசிரியரைச் சொல்வான். அந்த வேளையில் யாராவது ஒருவர், “இதில் என் பங்கு இது” என்று முதலில் வாய் திறக்கட்டும். அது வீட்டில் மூத்தவராக இருந்தால் மிக நன்று.

வீட்டில் கலந்துரையாட

1. அண்மையில் நம் வீட்டிலோ கழகத்திலோ ஒரு தோல்வி நேர்ந்தபோது பழி யார் மீது விழுந்தது? அவர் உண்மையில் காரணரா, அல்லது கடைசியாகத் தொட்டவரா?

2. அது பிழையா, அசட்டையா, வஞ்சகமா? அப்படிச் சொல்ல நம்மிடம் உள்ள சாட்சி என்ன?

3. எதிர்ப்பக்கத்தாரின் திறமையையும் உழைப்பையும் நம் பிள்ளைகள் முன்னிலையில் நாம் பாராட்டியதுண்டா?

4. “அந்த ஊரார்”, “அந்த ஆக்கள்” என்ற சொற்கள் நம் வீட்டில் எத்தகைய வேளைகளில் எழுகின்றன? அவற்றைக் கேட்கும் பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது?

5. நம்மால் பழி சுமத்தப்பட்டு ஒதுங்கியிருப்பவர் எவராவது உண்டா? அவர் வீட்டுக்கு இந்தக் கிழமை நம்மில் யார் போவது?